பிளேட்லெட்டைக் கேட்காமல் ஒண்ணுக்குப் போனாளா என்று கேட்ட ஆஸ்பத்திரி

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே ஓ.பி., மேலே வார்டு என்று ஒரு பழைய கட்டடத்தில் நடக்கும் குழந்தைகள் நர்சிங் ஹோம். பெயரைப் போட வேண்டாம் என்று டாக்டரம்மாவே கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். தாண்டிக்குடி, பெரும்பாறை, பண்ணைக்காடு பக்கம் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் தாண்டிக்குடியில் என் மண்டிக்கு வந்து கேட்டால் வழி சொல்கிறேன்.

எனக்குத் தொழில் காப்பியும் மிளகும் வாங்கி விற்பது. எடை போட வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், கழிவு கழிக்க வேண்டும். தராசுக்கு முன்னால் நிற்கிறவன் நேர்மையானவனா என்பது அவன் கை போகிற போக்கிலேயே தெரியும். இந்த ஆஸ்பத்திரியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். கட்டடத்துக்கு மார்க் போட்டால் பாதிகூடத் தேறாது. ஆனால் டெங்குக் காய்ச்சல் வந்த குழந்தையிடம் எதை அளக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

டெங்கு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கணக்கு பிளேட்லெட், ரத்தம் உறைய உதவுகிற தட்டணு. "எவ்வளவு இருக்கு?" "அறுபத்திரண்டாயிரம்." "அய்யய்யோ, நேத்து ஒரு லட்சம்ல இருந்துச்சு!" என் மகளுக்கு வந்தபோதும் போன் பண்ணின ஒவ்வொருத்தரும் இதைத்தான் கேட்டார்கள். நானும் அந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். அவர் அதை வாங்கி, பார்க்காமலே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என் வீட்டம்மாவிடம் கேட்டார்:

"பாப்பா கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனா?"

வீட்டம்மா யோசித்தாள். "காலைல போனா டாக்டர்… கொஞ்சமா."

"கொஞ்சம்னா எவ்வளவு? என்ன நிறம்?"

அப்போது சாயங்காலம் ஆகியிருந்தது. பதிலை முழுதாகக் கேட்பதற்குள்ளேயே டாக்டரம்மா குழந்தையின் விரல் நகத்தை அழுத்தி, விட்டு, ரத்தம் திரும்பி வர எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கால் சில்லென்று இருந்தது. பிரஷர் மேலே 90, கீழே 72. "கீழ உள்ளது நல்லாத்தானே இருக்கு?" என்று நான் கேட்டேன். "ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி 20-க்குக் கீழ போயிருச்சு, அதப் பாருங்க" என்றார். மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். குழந்தைகளுக்கு மேல் பிரஷர் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்குமாம், விழும்போது மொத்தமாக விழுமாம்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். பட்டிவீரன்பட்டியில் மாமியார் வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். தண்ணீர் தினமும் வராது என்பதால் அங்கே தொட்டி, டிரம், குடம் என்று வீடு நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாசக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் தொட்டியைக் காலி பண்ணினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு கடித்து நாலு நாளிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும். மலைக்குத் திரும்பின பிறகுதான் பாப்பாவுக்குக் காய்ந்தது. மலைக்குளிருக்கு டெங்கு வராது என்று எங்கள் பக்கம் இன்னமும் பேசுகிறார்கள். கீழே கடி வாங்கிக்கொண்டு மேலே வந்து படுக்கிற கேஸ்கள் எத்தனை என்று டாக்டரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் 103-ஐத் தாண்டியதும் எங்கள் பக்கத்து மெடிக்கல் ஒன்றில் ஒரு சிரப் கொடுத்தார்கள். "பாராசிட்டமாலவிட ஸ்ட்ராங்கு, சட்டுனு இறங்கும்." சட்டென்றுதான் இறங்கியது. மெஃபனமிக் ஆசிட் கலந்த சிரப் அது. பாட்டிலைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. டெங்குக் காய்ச்சலுக்கு மெஃபனமிக், ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவுமே ஆகாது. ரத்தக் கசிவைக் கூட்டும், வயிற்றைப் புண்ணாக்கும். போதாததற்கு, ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்து திணறுகிற சிறுநீரகத்துக்கு வருகிற கொஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும். பாராசிட்டமால் மட்டும்தான். அதுவும் எடைக்குத் தக்கபடி, ஒரு கிலோவுக்கு 10-லிருந்து 15 மில்லிகிராம், ஆறு மணிநேர இடைவெளி விட்டு. பாப்பா 18 கிலோ. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்றால் ஒரு வேளைக்கு 5 மில்லி. இதை அவர் சீட்டின் பின்பக்கம் எழுதியே கொடுத்தார். சிரப் கொடுத்த கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். சீட்டு இல்லாமல் அதை ஏன் எடுத்துக் கொடுத்தார் என்று இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் மாமியாருக்குப் பெரிய நிம்மதி. "காச்சல் விட்டுருச்சு மாப்ளே, ரசஞ்சோறு குடுத்தா எந்திரிச்சிருவா" என்றார். டெங்கு ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிய ஆரம்பிக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஒன்றிரண்டு நாள் இந்தக் கசிவு இருக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, சோர்ந்து சோர்ந்து விழுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் இதெல்லாம் எச்சரிக்கை. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாள். மேலே கொடைக்கானலுக்குப் போவதா, கீழே இறங்குவதா என்று ஒரு பேச்சு வந்தது. இருட்டினால் தடியன்குடிசை தாண்டி ரோட்டில் காட்டுமாடு நிற்கும் என்று என் தம்பி பகலிலேயே ஜீப்பை எடுத்துவிட்டான். வளைவுக்கு வளைவு வாந்தி.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டிரிப்ஸ் ஏற்றுவதற்குள்ளாகவே டாக்டரம்மா டார்ச் அடித்து அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று குழந்தையை ஒரு இடம் விடாமல் பார்த்தார். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் எங்கேயாவது கருப்பாகப் பக்குப் பிடித்த சின்னப் புண் இருக்கும், வலிக்காது, அதனால் குழந்தை சொல்லாது. எங்கள் மலையில் உண்ணிக் காய்ச்சல் புதிதில்லை. "வீட்டுல என்ன தொழில்?" என்று கேட்டார். காப்பிக் குடோன் என்றதும் "எலி?" என்றார். எலி இல்லாத குடோன் ஏது! எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். எலிக்காய்ச்சலும் கிட்னியைப் பிடிக்கும், உண்ணிக் காய்ச்சலும் பிடிக்கும். ரெண்டும் ஆன்டிபயாட்டிக்கில் கேட்கிற நோய், தாமதித்தால்தான் ஆபத்து. டெங்கு என்று கார்டு டெஸ்ட் சொன்ன பிறகும் மற்றதையும் தேடின அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது.

ரத்தம் எடுத்தது வெளி லேப். ரிப்போர்ட்டில், கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.9 என்று இருந்தது, பக்கத்தில் நார்மல் 0.6 முதல் 1.2 என்று அச்சடித்திருந்தது. தடித்த எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. வேறு இடமாக இருந்திருந்தால் கிட்னி நல்லா இருக்கு என்று மடித்து வைத்திருப்பார்கள். டாக்டரம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். "இது உங்களுக்கு நார்மல் சார். இவளுக்கு இல்ல." கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஆறு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு தசை இருக்கும்? அந்த உடம்புக்கு 0.3, 0.4, மிஞ்சினால் 0.5. அப்படியென்றால் 0.9 என்பது ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதற்கு மேலேயும் இருக்கலாம். லேப்காரர்கள் பெரியவர்களின் அளவைக் குழந்தையின் ரிப்போர்ட்டிலும் அப்படியே அடித்துக் கொடுக்கிறார்கள். இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால், வீட்டில் இருக்கிற பழைய ரிப்போர்ட்டை எடுத்து வயது போட்ட கட்டம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இனி மூத்த சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, அதிகம் பேசமாட்டார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெரிய தாளை ஒட்டி, மேலே "18 கிலோ, மணிக்கு 9 மில்லி" என்று எழுதி அடிக்கோடு போட்டார். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி. அதற்குக் கீழே ஆறு மணிநேரம் போனால் கிட்னி அடிபடுகிறது என்று அர்த்தமாம். தாளில் மணி, உள்ளே போனது, வெளியே வந்தது, நாடி, பிரஷர், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு) என்று கட்டங்கள். பாப்பாவுக்கு எழுந்து உட்காரத் தெம்பு இல்லை, டயாப்பர்தான் போட்டிருந்தார்கள். நனைந்த டயாப்பரை வைத்து எப்படி அளப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சமையல்கட்டில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வந்தது. முதலில் காய்ந்த டயாப்பர்: 22 கிராம். மாற்றும்போது நனைந்தது: 27 கிராம். சாக்கு எடை கழிக்கிற மாதிரி 22-ஐக் கழித்துவிட்டு, 5 மில்லி என்று எழுதினார். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி.

எனக்குக் கை சும்மா இருக்குமா? சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து பத்து ரூபாய் காசை எடுத்துத் தராசில் வைத்தேன். அந்தக் காசு ஏழே முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 8 காட்டியது. சரியான தராசுதான். திரும்பிப் பார்த்தால் சிஸ்டர் கதவருகே நிற்கிறார். "நாங்களும் காலைல காலைல காசு வச்சுத்தான் பாக்குறோம்ணே" என்றார். அதற்கு அப்புறம் நான் எதையும் சோதிக்கவில்லை.

மணிக்கு 9 வர வேண்டிய இடத்தில் 5, அப்புறம் 4. பி.சி.வி. 46. அவளுக்கு வழக்கமாக 36 பக்கம் இருந்திருக்கும், இருபது சதவீதம் ஏறினாலே நீர் கசிகிறது என்று அர்த்தம், இது அதையும் தாண்டிவிட்டது. ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகத்துக்குப் போகிற ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறைந்தே கிடந்தால் உள்ளே இருக்கிற நுண்குழல்கள் செத்துப்போகின்றன. டெங்குவில் கிட்னி கெடுவதற்கு இதுதான் பெரிய வழி. தசை சிதைந்து அந்தக் கழிவு அடைத்துக்கொள்வதும் உண்டு, அதற்கு சி.பி.கே. என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள், எங்களுக்கு அது பெரிதாக இல்லை. முதல் மணிநேரத்தில் கிலோவுக்கு 10 மில்லி வீதம் 180 மில்லி சலைன் போனது. பிறகு பி.சி.வி.-யையும் டயாப்பரையும் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஊற்றாவிட்டால் பிரஷர் விழுந்து ரத்த ஓட்டம் படுத்துவிடும், அதுதான் ஷாக். அளவு தெரியாமல் ஊற்றினால், கசிவு நின்று அந்த நீரெல்லாம் ரத்தத்துக்குள் திரும்பி வரும்போது நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். சிறுநீரும் வராத குழந்தைக்கு அது இன்னும் மோசம். ராத்திரி முழுக்க டாக்டரம்மா மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் தாளைப் பார்ப்பார், பிறகு கண் இமை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் எங்களைப் பார்ப்பார்.

பிளேட்லெட் 28 ஆயிரத்துக்கு இறங்கியது. சொந்தக்காரர்கள் திண்டுக்கல்லில் ரத்தம் கொடுக்க ஆளைத் தயார் பண்ணிவிட்டார்கள். டாக்டரம்மா மறுத்துவிட்டார். ரத்தம் கசியவில்லை, 10 ஆயிரத்துக்குக் கீழேயும் போகவில்லை, எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து ஏற்றுவதில் லாபம் இல்லை, ஏற்றுகிற பையும் உடம்புக்குள் போகிற நீர்தான் என்றார். என் பெரிய மச்சினன் சத்தம் போட்டார். டாக்டரம்மா திருப்பிச் சத்தம் போடாமல், அவரைக் கட்டிலுக்குக் கூட்டிப்போய்த் தாளைக் காட்டி, "இந்த 4-ஐ எப்படி 9 ஆக்குறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன் அண்ணே, எனக்கு அந்த 28 ஆயிரம் இப்பக் கவலை இல்ல" என்றார். மச்சினன் அதற்கப்புறம் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு விஷயத்திலும் எங்கள் வீட்டு வழக்கம் எல்லாம் தலைகீழானது. டெங்கு என்றால் இளநீர், மாதுளம்பழச் சாறு, பப்பாளி இலைச் சாறு. மாமியார் மூன்றையும் தூக்குவாளியில் கொண்டுவந்து நின்றார். போதாததற்கு எங்கள் தோட்டத்து மலைவாழைப்பழம் ஒரு சீப்பு. பொட்டாசியம் 5.6 என்று வந்திருந்த நேரம். சிறுநீர் ஒழுங்காகப் போகிற குழந்தைக்கு இளநீர் நல்லதுதான். போகாத குழந்தைக்கு அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். வாழைப்பழமும் அப்படித்தான், பழச்சாறும் அப்படித்தான். "அம்மா, இளநிய நீங்க குடிங்க, ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க" என்று டாக்டரம்மா மாமியாரிடம் சொன்னது கண்டிப்பா, கரிசனமா என்று தெரியவில்லை. மாமியார் குடித்துவிட்டார். பப்பாளிச் சாற்றை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்த ராத்திரியில் தூக்கம் வராமல் போனில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தேன். ரத்தக்கசிவுக் காய்ச்சலில் கிட்னியையே குறிவைத்துத் தாக்குகிற வகை ஒன்று இருக்கிறது. கொரியப் போரில் ஐ.நா. படைச் சிப்பாய்கள் மூவாயிரம் பேருக்கு மேல் அதில் விழுந்தார்கள். முதலில் காய்ச்சல், அப்புறம் பிரஷர் விழும், அப்புறம் சிறுநீர் நிற்கும், அப்புறம் குடம் குடமாகப் போகும், கடைசியில் தேறும் என்று ஐந்து கட்டம். கிருமியை 1976-இல்தான் ஒரு கொரிய விஞ்ஞானி வயல் எலியிலிருந்து பிடித்தார். ஹான்டான் ஆற்றின் பெயரை வைத்தார்கள், ஹான்டா வைரஸ் என்பது அதுதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பிடிபட்ட வைரஸ் நம்மூர்ச் சரக்கு. 1964-இல் வேலூர் தோட்டப்பாளையத்தில், ஒரு மூஞ்சூறிலிருந்து. உலகம் முழுக்க அதற்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர். பிள்ளையார் வாகனத்தைக் குடோனில் விரட்டக் கூடாது என்று எங்கள் அப்பா சொல்வார், அவர் இருந்திருந்தால் இதைக் காட்டியிருப்பேன். மூஞ்சூறு வைரஸ் வேறு, கொரியாவில் கிட்னியைப் பிடித்தது வேறு, பாப்பாவுக்கு வந்தது இரண்டும் இல்லை. இருந்தாலும் அந்த ஐந்து கட்டத்தைப் படித்தபோது, சிறுநீர் நின்றுபோவது ஒரு கட்டம்தான், அதைத் தாண்டிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கிடையாது. அதை டாக்டரம்மா சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். பல இடங்களில் கடைசி நிமிஷம் வரை வைத்திருந்துவிட்டு, "இனி எங்க கையில இல்ல" என்பார்கள். இவர் முன்கூட்டியே மூன்று காரணங்களை எழுதி வைத்திருந்தார்: பொட்டாசியம் 6-ஐத் தொட்டால், மூச்சு வாங்கினால், பன்னிரண்டு மணிநேரம் சிறுநீரே வராவிட்டால். எது நடந்தாலும் அந்த நிமிஷமே மதுரை. லெட்டரும் முதல் நாளே தயார். மதுரையில் பேசியும் வைத்துவிட்டார்.

பொட்டாசியம் 6.1 என்று வந்தது. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், கால்சியம் ஊசி மெதுவாகப் போனது. அடுத்து மூக்கில் நெபுலைசர் மாஸ்க்கை வைத்தார்கள். இளைப்பே இல்லாத பிள்ளைக்கு இளைப்பு மருந்து எதற்கு என்று நான் முழித்தேன். சால்புட்டமால் ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுமாம். மதுரை போய்ச் சேர்கிற வரைக்கும் அது நேரம் வாங்கிக் கொடுக்கும். 108 ஆம்புலன்ஸ் வந்தது, பைசா கிடையாது. மூத்த சிஸ்டர் தன் டூட்டி முடிந்திருந்தும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், மடியில் அந்தத் தாளின் ஜெராக்ஸ். தராசையும் டயாப்பர் கட்டையும் கூடவே எடுத்துக்கொண்டார். வழியில் ஒரு தடவை மாற்றி, ஆடுகிற வண்டியில் தராசு நிற்காமல் போக, நிலக்கோட்டை அருகே வண்டியை ஓரம்கட்டச் சொல்லி அளந்து எழுதினார்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, அதைப் பற்றி எழுத இது இடமில்லை. ஒன்று மட்டும். அங்கே இருந்த இளம் டாக்டர் லெட்டரை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்து, மணிவாரியாக விரல் வைத்துக் கீழே வரை படித்தார். "இத எழுதுனது யாரு?" என்றார். சிஸ்டர் தரையைப் பார்த்தார். எதையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றில் குழாய் வைத்துச் செய்கிற டயாலிசிஸுக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, விடியும்வரை பார்ப்போம் என்றார்கள். கசிவு நின்று நீர் திரும்ப ஆரம்பித்திருந்த நேரம். சிறுநீரைப் போக வைக்கிற ஃபுரோசமைடு ஊசி ஒன்று போட்டார்கள். விடிவதற்கு முன்னால் 11 மில்லி. அடுத்த மணி 20. அதற்கப்புறம் நிற்கவே இல்லை, தலைகீழாக அதிகமாகப் போக ஆரம்பித்தது, அதற்கும் ஒரு கணக்கு வைத்து ஈடுகட்டினார்கள். கிரியாட்டினின் 1.3 வரைக்கும் போய்ப் பிறகு இறங்கியது.

குறை சொல்லாமல் விட்டால் நான் வியாபாரி இல்லை. முதல் குறை, கொசுவலை. டெங்கு வார்டில் ஜன்னல் வலை ரெண்டு இடத்தில் கிழிந்து, பஞ்சு அடைத்து வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு வலை ராத்திரி மட்டும்தான் கட்டுகிறார்கள். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. காய்ச்சலோடு படுத்திருக்கிற குழந்தையைக் கடித்துவிட்டு அடுத்த கட்டில் குழந்தையைக் கடித்தால் என்ன ஆகும்? டெங்குவில் நாலு வகை, ஒரு வகை வந்து போனால் அதற்கு மட்டும்தான் காப்பு, அடுத்த வகை வரும்போது இன்னும் மோசமாக வரலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்கள்தான். மூத்திரத்தை மில்லி மில்லியாக அளக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாதது எனக்கு வியப்பு. சொன்னேன். "மெஷ்காரர் வரணும்" என்றார்கள். அடுத்து செக்கப்புக்குப் போனபோதும் அதே பஞ்சு.

இரண்டாவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிற திட்டம் கையில் இருந்தும் ரொக்கம்தான் கட்டினோம். பில்லைப் பொறுத்தவரை புகார் இல்லை. டயாப்பர் முதல் கால்சியம் ஊசி வரை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருந்தது, கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். பாத்ரூம் ஒன்றுதான், அதுவும் வராந்தாக் கோடியில். ரிசப்ஷனில் இருக்கிற பெண் போனை விட்டுத் தலை நிமிர்வதற்குள் ஒரு டிரிப்ஸ் முடிந்துவிடும். கேன்டீன் இல்லை, எதிர் மெஸ்ஸில் இட்லி பரவாயில்லை, சாம்பாரில் கைவைக்காதீர்கள்.

காய்ச்சல் போனதோடு இவர்கள் கைகழுவிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிட்னி அடிபட்ட குழந்தையை மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கிரியாட்டினின் பழைய நிலைக்கு வந்ததா, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, பிரஷர் ஏறியிருக்கிறதா என்று. டிஸ்சார்ஜ் ஆகி எல்லாம் மறந்துபோய் மிளகு சீசனில் மூழ்கிக் கிடந்தபோது, மூத்த சிஸ்டரே போன் பண்ணி, "பாப்பாவக் கூட்டிட்டு வரலியேண்ணே?" என்று கேட்டார். குழந்தைக்கென்று இருக்கிற சின்ன பிரஷர் பட்டையைத்தான் கட்டினார்கள், பெரியவர்களுடையதைக் கட்டினால் தப்பாகக் காட்டுமாம். கிரியாட்டினின் 0.4. புரதம் இல்லை. இனி காய்ச்சல் வந்தால் மெஃபனமிக், ஐபுப்ரோஃபென் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டாக்டரம்மா. நான் அதை ஜெராக்ஸ் எடுத்து அந்த மெடிக்கல் கடைக்காரரிடமும் ஒன்று கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார், பார்ப்போம்.

போகிறவர்களுக்கு: ஓ.பி. சீட்டு 250 ரூபாய், காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கூட்டம் குறைவு. ஞாயிறு சாயங்காலம் டாக்டரம்மா இருக்கமாட்டார், டூட்டி டாக்டர் மட்டும்தான். குழந்தையின் எடை தெரிந்துகொண்டு போங்கள், கொடுத்த மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான், போனாள் என்று மணி பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், முதல் கேள்வி அதுதான். ஜீப்பை வாசலில் நிறுத்த இடம் கிடையாது, சந்துக்குள் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பஸ் ஸ்டாண்டு பக்கமே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.